ஒரு ஜோடி மரஜாடி

ஆகஸ்ட் 14

கண்ணீர் அஞ்சலி!

எங்கள் வீட்டு மாடிப்படி ஓரமாக யார் வம்புக்கும் போகாமல் வாழ்ந்துவந்த மரஜாடி அவர்கள், இன்று மாலை டென்னிஸ் பந்து தாக்கி, பத்துப் படிகள் உருண்டு, இரண்டாகப் பிளந்து, இயற்கை எய்தினார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். (செயற்கை எய்தினார் என்பதுதான் சரி.) அன்னாரின் ஜோடி ஜாடி நலமாக உள்ளார். நல்லடக்கம் நாளைக் காலை குப்பை வண்டி விசில் ஊதும்போது நடைபெறும். இவண், துயரில் வாடும் பந்துவீச்சாளர், தரணீஷ், பதினொன்றாம் வகுப்பு.

இந்த அஞ்சலியை அட்டையில் எழுதி, ஜாடியின் படம் வரைந்து, மாலை போட்டு, கூடத்தில் மாட்டினேன். அம்மா சிரிப்பார் என்று நினைத்தேன்.

அம்மா சிரிக்கவில்லை.

"என்ற மேடைடா அது," என்று மட்டும் சொன்னார்.

விஷயம் இதுதான். அம்மா பூங்கொடி, கல்யாண மேடைகளுக்குப் பூ அலங்காரம் செய்கிறவர். இதுவரை வேறொருவரிடம் வேலை பார்த்தார். இப்போதுதான் சொந்தப் பெயரில் முதல் மேடை கிடைத்திருக்கிறது. செப்டம்பர் மூன்றாம் தேதி மாலை வரவேற்பு. பெண்ணின் அம்மா வசந்தாமணிப் பெரியம்மா (எங்களுக்குச் சொந்தமில்லை, ஆனால் அவரை 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை) போனில் படம் பார்த்து, "மேடைக்கு ரெண்டு பக்கமும் இதே ஜாடிதான் வேணும்" என்று விரலை வைத்தது இந்த ஜோடி மேல்தான். வாங்கின கண்காட்சிக் கடைக்காரருக்குப் போன் போட்டால், அந்த எண் உபயோகத்தில் இல்லையாம். ஜாடியும்தான் உபயோகத்தில் இல்லை.

"நானே கடைஞ்சு தர்றேம்மா," என்றேன்.

சம்யு பின்னாலிருந்து சிரித்தாள். சம்யுக்தா என் இரட்டைப் பிறவி. என்னைவிட நான்கு நிமிடம் மூத்தவள். அதற்காக அவளை அக்கா என்று கூப்பிட வேண்டுமாம். நடக்காது.

ஆகஸ்ட் 15

கொடியேற்றிவிட்டு வந்ததும் அப்பாவிடம் சுதந்திரம் கேட்டேன்.

அப்பா சென்னியப்பனின் லேத்துப் பட்டறை வீட்டுக்குப் பின்னாலேயே, தகரக் கூரையில். பம்புகளுக்குப் புஷ் போடுவது எங்கள் தொழில். புஷ் என்றால் தடித்த வளையம் மாதிரி ஒன்று. இந்தப் பக்கம் கண்ணை வைத்தால் அந்தப் பக்கம் எங்கள் ஊரான கணபதியின் பஸ் ஸ்டாண்டு தெரியும். நான் நடை பழகும் முன்பே ஓட்டை போடப் பழகியவன்.

"லேத்துல மரமா?" அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மரத்தூளு ஆயில்ல கலந்துச்சுன்னா களிம்பாட்டம் ஒட்டிக்கும். மிசினு போயிரும்."

"சாக்குப் போட்டு மூடிக்கறேன்ப்பா."

"ஒரு தூளு பெட்டுல கெடந்துது, உன்னையத்தான் சக்குல மாட்டிச் சுத்துவேன்." (சக்கு என்றால் லேத்தில் பொருளைக் கவ்விச் சுழற்றும் வாய்; பெட்டு அதன் அடிமேடை.)

"சரிங்ப்பா."

"அப்பறம், மரத்தப் பத்தி என்னையக் கேக்காதே. எனக்கு ஒண்ணுந் தெரியாது. நான் இரும்புக்காரன்."

மூலையில் இருக்கும் பழைய லேத்தைக் கொடுத்தார். பள்ளி விட்டு வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு. உலகமே பார்க்கப் போகிறது. கடைசல் என்றால் தரணீஷ், தரணீஷ் என்றால் கடைசல். மற்றவர்கள் எல்லாம் கடைசி.

ஆகஸ்ட் 16

பக்கத்துச் சந்தில் நேற்று வெட்டின வேப்பமரத்துண்டைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன். சம்யு பின்னால் பிடித்துக்கொண்டு நடந்தாள். (உதவியாளர் பணி.)

சக்கில் மாட்டி ஓடவிட்டேன். பச்சை மரம் வெண்ணெய் மாதிரி சீவிக்கொண்டு வந்தது. முகத்தில் சாறு தெறித்தது. கசப்பு. இருந்தாலும் கை தானாக அடுத்த வேலையைப் பார்த்தது. கூலன்ட் குழாயைத் திறந்துவிட்டேன்.

இரும்பு கடையும்போது சூடு தணிய ஊற்றுகிற வெள்ளைத் தண்ணீர் அது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் லேத்து ஓடினால் கூலன்ட்டைத் திறப்பார்கள்; மூச்சு விடுகிற மாதிரி.

"டேய், மரத்துக்கு எதுக்குடா சோப்புத் தண்ணி? குளிப்பாட்டறியா?" என்று சம்யு கத்தினாள்.

"அது தொழில் ரகசியம், உனக்குப் புரியாது," என்றேன். அதற்குள் மரம் ஒரு சொம்பு குடித்துவிட்டிருந்தது.

ஆனாலும் வடிவம் வந்துவிட்டது. வயிறு, இடுப்பு, கழுத்து எல்லாம் உண்டு. வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன். உயிரோடிருக்கும் ஜாடியின் வயிறு எத்தனையோ, அதே அளவு. முடி அளவு வித்தியாசம் இல்லை. அப்பாவே தலையசைத்தார். ஒரே நாளில் வேலை முடிந்தது. நாளை முழுக்கத் தூங்கலாம்.

ஆகஸ்ட் 17

ஜாடி முட்டையாகிவிட்டது.

நேற்று வட்டமாக இருந்த வாய் இன்று நீள்வட்டம். வயிற்றில் சுண்டுவிரல் போகிற அளவு வெடிப்பு. வெர்னியரை ஒரு பக்கம் வைத்தால் ஓர் அளவு, மறுபக்கம் வைத்தால் வேறோர் அளவு. வெர்னியர்தான் கெட்டுவிட்டது என்று அப்பாவிடம் புகார் கொடுத்தேன். அவர் வெண்கலப் புஷ் ஒன்றை அளந்து காட்டினார். வெர்னியர் நிரபராதி.

இரும்பு சொன்ன சொல்லைக் காப்பாற்றும். இன்றைக்கு நாற்பது மில்லிமீட்டர் என்று சொன்னால், பேரன் காலத்திலும் நாற்பதுதான். மரம் அப்படியில்லை. விடிவதற்குள் மனசு மாறிவிடுகிறது.

"பச்ச மரம் காயக்காயச் சுருங்குமாம்டா," என்றாள் சம்யு, பாடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல். "நீ அதுக்குத் தண்ணி வேற குடுத்திருக்கே. காயாத துணியத் தெச்சு மாட்டுன கதை."

இதை நேற்றே சொல்லியிருக்கலாமே என்றேன். "அக்கான்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்," என்றாள்.

ஆகஸ்ட் 19

மனசு சரியில்லை என்று ஒரு குறும்பு செய்தேன்.

என் வகுப்பு நண்பன் ஜெய்தேவ் போனை வாங்கி, மொட்டைமாடியிலிருந்து, வசந்தாமணிப் பெரியம்மா குரலில் அம்மாவைக் கூப்பிட்டேன். என் குரல் இன்னும் முழுசாக உடையாதது இந்தக் கலைக்கு வசதி.

"ஏம்மா பூங்கொடி, மருமவன் போன்ல இருந்து பேசறேன். சம்பந்தி ஊட்டுக்காரங்க அந்த ஜாடியப் பாக்கோணுங்கறாங்க. நாளைக்குக் காத்தால வந்தர்றோம், ரெண்டயும் எடுத்து வெச்சிரு."

அம்மா, "வாங்க்கா. ஆகட்டுங்க்கா," என்றார்.

ஜெய்தேவ் வாயைப் பொத்திக்கொண்டு உருண்டான். நான் சிரிப்பதற்காகக் கீழே எட்டிப் பார்த்தேன்.

அம்மா தனியாக நிற்கும் ஜாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். பிறகு, வாசலில் கட்டுவதற்காகப் போன வாரம் அடித்து வாங்கிவந்த பேனரை, 'பூங்கொடி மேடை அலங்காரம்' என்று போட்டிருக்கும் அதை, சுருட்டிப் பரண்மேல் போட்டார். யாரையும் திட்டவில்லை. கீரை ஆய உட்கார்ந்துவிட்டார்.

இறங்கிப்போய், "நான்தாம்மா பேசினேன்," என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். அடிப்பார் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். "நல்லாத்தான் பேசறே," என்றார். "கொஞ்ச நேரம் நெசம்னே நம்பிட்டேன்."

சிரிப்பு வரவில்லை. தொழில்நுட்பக் கோளாறு.

ஆகஸ்ட் 20

இன்று யாரிடமும் விளையாடவில்லை. சம்யு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை என்று அம்மாவிடம் அறிக்கை கொடுத்தாள்.

பரண்மேல் பேனர் அப்படியே இருக்கிறது. அதைக் கீழே இறக்காமல் விடுவதில்லை.

ஆகஸ்ட் 23

இடித்த வீடுகளின் கதவு, ஜன்னல், விட்டம் எல்லாம் விற்கிற பழைய மரக்கடைக்கு நானும் சம்யுவும் போனோம். நல்ல காய்ந்த தேக்கு விட்டத்தில் ஒரு துண்டு பிடித்தோம். யார் வீட்டுக் கூரையையோ இத்தனை வருஷம் தாங்கிய மரம். வெயில், மழை, மாமியார் மருமகள் சண்டை எல்லாம் பார்த்தாயிற்று. இனி இதற்குச் சுருங்கவோ கோபிக்கவோ ஒன்றும் பாக்கியில்லை.

கடையிலேயே ஒரு யோசனை வந்தது. பழைய ஜாடிக்கு ஜோடி செய்தால் நிறம் ஒத்துப்போகாது. எனவே பழையதை ஓரம்கட்டிவிட்டு, இந்த ஒரே விட்டத்திலிருந்து இரண்டு புது ஜாடி, அதே வடிவத்தில். ஒரு மரம், இரண்டு பிள்ளை. பெரியம்மா பார்த்தது படத்தில் வடிவத்தைத்தானே?

யோசனை யாருக்கு வந்தது என்பது முக்கியமில்லை. கடையில் நாங்கள் இருவரும்தான் இருந்தோம்.

ஆகஸ்ட் 24

லேத்து பெட்டின் மேல் சாக்கு, அதன் மேல் செய்தித்தாள். இரும்பு வெட்டும் டூல் மரத்தைச் சீவவில்லை, பிய்த்தது. அதனால் கையால் பிடிக்கிற உளி, அதைத் தாங்க லேத்தில் ஒரு கம்பி. கம்பியை அப்பா வெல்டு வைத்துக் கொடுத்தார். மரத்தைப் பற்றித்தான் கேட்கக் கூடாது, கம்பி இரும்புதானே.

விட்டத்துக்குள் பழைய ஆணி ஒன்று ஒளிந்திருந்தது. உளி அதில் பட்டு நுனி போயிற்று. ஆணியைப் பிடுங்கிவிட்டு உளியைத் திரும்பத் தீட்டினோம். தீட்டினோம் என்பது பன்மை. கல்லில் பிடித்தது சம்யு. பார்த்தது நான்.

மறுபடி நான் உளியை வைத்தேன். மரம் உளியின் நுனியைக் கவ்வி இழுத்து, என் கையிலிருந்து பிடுங்கி, தகரச் சுவரில் எறிந்தது. பட்டறை முழுக்க மணியடித்தது. அப்பா ஓடி வந்து சுவிட்சை அணைத்தார். என் பத்து விரலையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"போதும்டா. ஜாடியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"இன்னொருக்கா பாக்கறேன்ப்பா."

"ஏன்டா இத்தனை வீம்பு?"

"அம்மா பேனர் பரண்மேல கெடக்குதுங்ப்பா."

அப்பா தன்னுடைய கண்ணாடிக் கவசத்தை எடுத்து என் மூக்கில் மாட்டினார். பிறகு சம்யுவுக்கும் ஒன்று.

சம்யு உளியின் பின்பக்கத்தை முதலில் மரத்தில் உரசவிட்டு, பிடியை மெல்லத் தூக்கினாள். நூல் நூலாகச் சீவல் பறந்தது. "மொதல்ல முதுகு, அப்பறந்தான் பல்லு," என்றாள். தேங்காய் துருவினால் தெரியுமாம்.

தலைவர்கள் சில பொறுப்புகளைத் தொண்டர்களிடம் ஒப்படைப்பது வழக்கம்தான்.

ஆகஸ்ட் 27

மூன்று நாளாகச் சீவல், சீவல், சீவல். என் தலையில், சட்டைப்பையில், தயிர்ச்சோற்றில். வகுப்பில் தும்மினால் தேக்கு வாசம் வருகிறது.

வேலை முடிந்ததும் பெட்டைத் துடைப்பது நான். சாக்கை உதறுவது நான். பிரஷ், பிறகு துணி, பிறகு ஆயில், பிறகு அப்பா வந்து விரலால் தடவிப் பார்ப்பார். இதுவரை அவர் விரலில் ஒரு தூள் ஒட்டவில்லை. என்னைச் சக்கில் மாட்டும் திட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

வலது பக்க ஜாடி உருவாகிவிட்டது. அமோகம். இடது பக்க ஜாடியை நான் ஆரம்பித்தேன். வயிற்றில் பள்ளம் விழுந்தது. அதைச் சரிசெய்ய வயிறே கொஞ்சம் இளைத்தது. இடதுபக்கத்தார் உணவுக் கட்டுப்பாட்டில் இருக்கிறார்.

ஆகஸ்ட் 29

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாயிற்று. தேய்த்தவன் நான். சத்தியமாக நான்தான். விரல் நுனியில் ரேகை போய்விட்டது. இனி திருடலாம்.

மரத்திலுள்ள கோடுகளைப் பார்த்தால் தண்ணீரில் வட்டம் விரிவது மாதிரி இருக்கிறது. சம்யு நீண்ட நேரம் ஜாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் கிண்டல் செய்ய வாயைத் திறந்தேன், அதற்குப் பதிலாக விளக்கைத் தூக்கிப் பிடித்தேன்.

ஆகஸ்ட் 31

பூவுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். ஜாடிக்குள் அடியில் மூடிபோட்ட பிவிசி குழாய் ஒன்றை இறக்கி, அதில் தண்ணீர் ஊற்றுவது அம்மா திட்டம். அதற்கு நடுவில் துளை போட வேண்டும்.

துளை! என் துறை! சம்யுவைத் தள்ளி நிற்கச் சொன்னேன். அவள் அடம்பிடித்து வலது ஜாடிக்கு அவளே போட்டாள். டிரில்லில் ஒரு துணியைக் கட்டி, அது ஜாடியின் வாயைத் தொட்டதும் நிறுத்தினாள். பாவம், அனுபவமில்லாதவர்களுக்குத்தான் அடையாளமெல்லாம் வேண்டும். இடது ஜாடிக்கு நான் போட்டேன். டிரில் வழுக்கிக்கொண்டு இறங்கிய அழகைப் பார்த்திருக்க வேண்டும்.

துளை போடும் பணி இனிதே முடிந்தது. இதைப் பற்றி மேலும் எழுத ஒன்றுமில்லை.

சம்யு ஒரு மணி நேரமாகத் தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறாள். காரணம் தெரியவில்லை.

செப்டம்பர் 2

பாலிஷ் போட்டு, கூடத்தில் இரண்டையும் நிறுத்தினோம். அம்மா கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்தார். வலது ஜாடியைக் கையில் எடுத்து, கழுத்தில் கன்னத்தை வைத்தார். இடது ஜாடியை எடுக்கப் போனார்.

"தொடாதீங்க! பாலிஷ் காயலை!"

"ரெண்டுக்கும் ஒண்ணாத்தானடா போட்டே?"

"இது மெதுவாக் காயற ஜாடிம்மா."

அம்மா என்னைப் பார்த்தார். சம்யு கூரையைப் பார்த்தாள். நான் ஜாடியைப் பார்த்தேன்.

பிறகு அம்மா, "தரணி, அந்த பேனரை எறக்கு," என்றார்.

பரண்மேல் ஏறி இறக்கினேன். கண்ணில் தூசி விழுந்தது. பரண் என்றால் தூசி இருக்கும்தானே.

செப்டம்பர் 3

மாபெரும் வெற்றி! மண்டபத்தில் மேடைக்கு இரண்டு பக்கமும் எங்கள் ஜாடிகள். சம்பங்கியும் சிவப்புச் செண்டுமல்லியும் பொங்கி வழிந்தன. வாசலில் பேனர். அம்மா பட்டுப்புடவையில் பூக்கூடையோடு அங்குமிங்கும் ஓடினார்.

நான் இடது ஜாடியின் பக்கத்தில் மாலை முழுக்க நின்றேன். காவல் பணி. சாப்பிடக் கூப்பிட்டார்கள், போகவில்லை. ஐஸ்கிரீம், பீடா எதற்கும் அசையவில்லை. மாப்பிள்ளை பெண் எடுத்துக்கொண்ட எல்லாப் படங்களிலும் ஓரத்தில் நான் இருப்பேன். அந்த ஆல்பத்தில் மாப்பிள்ளைக்கு அடுத்து அதிகமாக வரப்போவது நான்தான்.

பந்தி ஆரம்பித்த நேரத்தில் வசந்தாமணிப் பெரியம்மா மேடையேறி வந்தார்.

"கண்ணு, இந்த ஜாடி ரெண்டயும் சாப்பாட்டு ஹால் வாசல்ல கொண்டுபோயி வெக்கோணும். ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் அங்கதான் நிக்கறாங்க. நானே எடுத்துக்கறேன்." கையை நீட்டிவிட்டார்.

"நானே கொண்டாறனுங்க பெரீம்மா!" என்று பாய்ந்து அணைத்துக்கொண்டேன்.

"மெதுவாடா, மாப்ளகூடப் பொண்ண அப்புடிக் கட்டிப் புடிக்கல."

ஒரு கையை ஜாடியின் இடுப்பில் போட்டேன். மறு கையை அடியில் கொடுத்தேன். மேடைப் படி இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே, சொந்தக்காரர்களின் விசாரிப்புகளுக்கு நடுவே ("நீ சென்னியப்பன் பையனா? என்ன படிக்கறே?"), எதிரே ஓடிவந்த குட்டிப் பையன்களுக்கு நடுவே, சிரித்த முகம் மாறாமல், ஹால் வாசல்வரை போய், மேசைமேல் இறக்கினேன். ஒரு பூ உதிரவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை. பின்னாலேயே சம்யு மற்றதை ஒற்றைக் கையில், கழுத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். அலட்சியமானவள்.

பெரியம்மா அம்மாவின் தோளில் தட்டி, "ஜோரா இருக்குது பூங்கொடி. ஜாடி எங்க புடிச்சே?" என்றார்.

"எங்க ஊட்லயே பண்ணுனதுங்க்கா," என்றார் அம்மா.

அப்போது நான் மண்டபக் கூரைக்குக் கொஞ்சம் மேலே இருந்தேன்.

செப்டம்பர் 5

சரி. இந்த நாட்குறிப்பை என்றாவது யாராவது திருடிப் படிக்கப் போகிறார்கள். (சம்யு, உன்னைத்தான்.) அதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

என் ஜாடிக்கு அடி கிடையாது.

புஷ் போட்டே வளர்ந்த கை. எங்கள் பட்டறையில் ஓட்டை என்றால் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்தால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம். முப்பத்தொன்றாம் தேதி டிரில் அழகாக வழுக்கி இறங்கியது. இறங்கிக்கொண்டே போய், மறுபக்கம் எட்டிப் பார்த்து எனக்கு வணக்கம் சொன்னது. வட்டமாக ஒரு மரத்தட்டு வெட்டிப் பசை போட்டு அடியில் ஒட்டினேன். அது மண்டபத்துக்குப் போகிற வழியில், ஆட்டோவிலேயே எங்கோ கழன்று விழுந்துவிட்டது. ஓரிடத்தில் நிற்கும்வரை ஒன்றுமில்லை. தூக்கினால் தண்ணீர்க் குழாய், பூ, அம்மாவின் முதல் மேடை, எல்லாம் பொத்தென்று கீழே. நேற்று முன்தினம் கூட்டத்துக்கு நடுவே அத்தனையையும் நான் தாங்கிக்கொண்டு போனது ஒற்றை உள்ளங்கையில். அதனால்தான் பீடா சாப்பிடவில்லை. எனக்குப் பீடா பிடிக்கும்.

இன்று காலை அம்மா தன் கைப்பையைத் திறந்து, அந்த வட்டத் தட்டை எடுத்து என் தோசைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஆட்டோ சீட்டுல கெடந்துது. உன்ற ஜாடியோட அடி. இப்ப வேணுமா அடி?"

"தெரிஞ்சுமாம்மா சும்மா இருந்தீங்க?"

"நீதான் பக்கத்துலயே நின்னயே," என்றார். "நான் எதுக்குப் பயப்படோணும்?"

அப்பா இடது ஜாடியைத் தூக்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார். மறுபக்கம் சம்யுவின் பல் தெரிந்திருக்கும். வெர்னியரை எடுத்துத் துளையை மேலே அளந்தார், கீழே அளந்தார்.

"ரெண்டு பக்கமும் ஒரே அளவு. சுத்தமான போரு, ஓட்டைன்னா இதுதாண்டா." என் தலையில் ஒரு தட்டு. "ஜாடியாப் பாத்தா பெயிலு. புஷ்ஷாப் பாத்தா பாஸு."

பெரியம்மா வளைகாப்புக்கும் அம்மாவைத்தான் கூப்பிடுவாராம். வலது ஜாடி மாதிரியே இன்னும் இரண்டு வேண்டுமாம். வலது ஜாடி மாதிரி. குறிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

ஆகவே திருத்தங்கள். மேலே 'யோசனை வந்தது' என்ற இடத்தில் சம்யுவுக்கு வந்தது என்று படிக்கவும். வலது ஜாடி முழுக்க அவள் கடைந்தது. இடது ஜாடியில் நான் விழவைத்த பள்ளத்தை வழித்தெடுத்து, வயிறும் கழுத்தும் கொண்டுவந்ததும் அவள்தான். இன்று மாலை மறுபடி ஒரு துண்டு விட்டத்தைச் சக்கில் மாட்டியிருக்கிறேன். முதலில் முதுகு, அப்புறம்தான் பல். இதைச் சொல்லிக்கொடுக்கும்படி அவளிடம் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்றால், 'அக்கா' என்று கேட்டேன். ஒரே ஒரு முறைதான். பட்டறையில் வேறு யாரும் இல்லை.

அந்த ஜோடி மரஜாடியில், நெஞ்சில் கை வைத்து முழுக்க முழுக்க என் சொந்தப் படைப்பு என்று நான் சொல்லிக்கொள்ளக்கூடியது, ஓட்டை மட்டும்தான்.